நானே வாசித்த கடிதம்

1

இந்த மாதத்தோடு நான் மலாய் நாட்டின் கெடா மாநிலத்துக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோவில்பட்டியில் இருக்கும் என் தோழிகள் போனில் பேசும்போதெல்லாம், "இன்னுமா ஒனக்கு அந்த ஊர்க் குடியுரிமை வரல?" என்று கேட்பார்கள். குடியுரிமை எங்கே, நிரந்தரமாக இங்கே இருந்துகொள்ளலாம் என்று சொல்லும் சிவப்பு அடையாள அட்டைகூட எனக்குக் கிடையாது. செவப்பு ஐசி என்பார்கள் இங்கே. "விண்ணப்பம் போட்டாச்சு, வரும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் வரவில்லை என்பது இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது திகாம் பத்துவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை ஒன்றில். என் கணவர் சரவணன் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிப் போகும், கொண்டுவந்து இறக்கும். எங்கள் ஒரே மகள் தர்ஷினிக்குப் பதினொரு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். நான் அவருடைய மனைவி என்பதால் கொடுக்கப்பட்ட பாஸில் இருக்கிறேன். அதைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் இந்த நாட்டில் எனக்கு ஒரு தாள் நகராது.

ஊரில் நான் ஐந்து வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். கேஸ் ஏஜென்சி கடிதம், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே படித்துச் சொல்லிவிடுவேன். இங்கே வந்த முதல் வாரம் மெயின் ரோட்டில் நடந்தபோது கண்ணில் பட்ட பலகையையெல்லாம் வாசித்தேன். மலாய்க்கு ஆங்கில எழுத்துதானே. வாய் தடங்கலில்லாமல் படித்தது. மனதில் ஒன்றும் விழவில்லை.

கடைக்குப் போய், "சூசா ஒண்ணு குடுங்க" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. கல்லாவில் இருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஊர்லேர்ந்து புதுசா வந்த பொண்ணாம்மா? பாலுக்கு சூசுன்னு சொல்லணும். சூசான்னா கஷ்டம். அது எல்லார் வீட்லயும் இருக்கு, நாங்க விக்கிறதில்ல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு கடையில் விரலால் காட்டித்தான் வாங்கினேன்.

2

சுங்கை லாலாங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி இருக்கிறது. இந்த ஆண்டுத் தொடக்கத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக அதன் தலைமையாசிரியரைப் பார்த்தேன்.

"வேலையா எடுக்க முடியாதும்மா. ஒங்க பாஸுக்கு தனியா அனுமதி வேணும். சும்மா ஒதவியா வரீங்களா? மூணாம் ஆண்டுல அஞ்சாறு புள்ளைங்களுக்கு இன்னும் வாசிப்பு வரல" என்றார் அந்த அம்மா.

வருகிறேன் என்றேன். சம்பளமில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப ஓர் இடம் கிடைத்தது. பள்ளி வேனில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் வந்தேன். முதல் நாள் காலையில் ஒரு பையன், "டீச்சர், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான். "எனக்குப் பசிக்கல தம்பி" என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு. காலையில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுதான் அது என்பது தெரிந்தும், என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

நூலகத்தின் ஒரு மூலையில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் லோகேஷினி என்ற பெண் மட்டும் ஏன் அங்கே இருக்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்தால் குரலை ஏற்றி, விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு படிப்பாள். இவளை வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவள் படித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. படம் இல்லாத பக்கம். லோகேஷினி நிற்கவில்லை. குரங்கு மாம்பழத்தைப் பறித்த கதையை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டே போனாள். விரல் ஓடிக்கொண்டிருந்தது தபால் நிலையத்தைப் பற்றிய பாடத்தின் மேல்.

மற்ற பிள்ளைகள் கவனிக்கவில்லை. அவள் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். காதுமடல் வரை சிவந்து போனாள்.

3

மற்றவர்கள் போன பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"யார் ஒனக்கு மொதல்ல படிச்சுக் காட்டுவா?"

"யாரும் இல்ல டீச்சர். நா படிப்பேன். எனக்குத் தெரியும்."

அழுத்திக் கேட்கவில்லை. அவளே வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தன் பையிலிருந்து கசங்கிய காகிதத் துண்டுகள் சிலவற்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அவள் அம்மாவுக்கும் கூலிமில்தான் வேலை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். லோகேஷினி பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா குளிர்பெட்டிக் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவார். 'சோறு குக்கரில் இருக்கு. பால் காய்ச்சாதே. யார் வந்தாலும் கதவைத் திறக்காதே.' இப்படி நாலு வரி. பக்கத்து வீட்டு அக்கா வந்து படித்துக் காட்டிவிட்டுப் போவாராம்.

"ஒரு நாளு அந்த அக்கா இல்ல டீச்சர். சீட்டுல அத்த வீட்டுக்குப் போன்னு எழுதிருந்தாங்களாம். எனக்குத் தெரியல. நா வீட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். மழ வந்துருச்சு. அத்த பயந்து வழியெல்லாம் தேடிக்கிட்டு வந்தாங்க. அம்மா வந்து ஏன் போகலன்னு அடிச்சாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மறந்துட்டேன்னு சொன்னேன்."

படிக்கத் தெரியவில்லை என்று சொல்வதைவிட அடி வாங்கிக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அன்று வேனில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாஸ் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் தாளை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி, தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள் நான். அவள் செய்தது எனக்குப் புதிதல்ல.

பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டோம். அம்மாவின் சீட்டுகள்தான் பாடம். வரியை அட்டையால் மறைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திறப்பேன். முதலில் நான் வாசிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவள் தனியாக. ஒரே சீட்டை மூன்று நாள், நான்கு நாள். மனப்பாடம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் சொற்களை வெட்டி இடம் மாற்றி வைப்பேன். 'குக்கரில் கதவு இருக்கு' என்று வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டேன். ஐந்து வரை மனதுக்குள் எண்ணுவேன். அந்த ஐந்து எண்ணிக்கைதான் மிகவும் கடினம், அவளுக்கும் எனக்கும்.

வீட்டில் என் மகளுக்கு இதே முறையில் தமிழ் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். தர்ஷினி பத்து நிமிடம்கூட உட்காரவில்லை.

"எனக்கு எதுக்கு மா இது? ஸ்கூல்ல கேக்கமாட்டாங்க. நீங்க அந்தப் புள்ளைங்களுக்கே சொல்லிக் குடுங்க லா."

இந்த ஊர்ப் பேச்சில் எதன் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய் மலாயில் யாருடனோ சிரித்துப் பேச ஆரம்பித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

4

லோகேஷினி ஒன்றை என்னிடம் கண்டுபிடித்துவிட்டாள். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் இருந்த மலாய் அறிவிப்பு ஒன்றை நான் வாய்விட்டுப் படித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று வேறொரு பிள்ளை கேட்டதும் நான் விழித்தேன்.

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டாரக் கூடாதாம்" என்றாள் லோகேஷினி. பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "டீச்சருக்குப் படிக்க வருது, புரியல. எனக்குப் புரியுது, படிக்க வரல."

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்ப நீங்க படிங்க டீச்சர். நா சொல்றேன்."

அன்றிலிருந்து இடைவேளையில் பத்து நிமிடம் அவளும் நானும் பள்ளிக்கூடத்தைச் சுற்றுவோம். நான் வாசிப்பேன், அவள் சொல்வாள். வருகைப் பதிவுத் தாளில் 'கெஹாடிரான்' என்று இருக்கும். "ஹாடிர்னா வந்துருக்கோம்னு அர்த்தம். தீடாக் ஹாடிர்னா வரல." எங்கள் ஊர்க் கோர்ட்டில் சொல்லும் 'ஆஜர்' போலவே இருந்ததால் மனதில் ஒட்டிக்கொண்டது. உடைந்து போன பழைய கழிப்பறைக் கதவில் 'டிதூத்துப்' என்று தாள் ஒட்டியிருந்தது.

"கடையில தூத்துப்னு போட்ருப்பாங்கள்ல டீச்சர், மூடுறது. இது மூடிட்டாங்க."

ஒரு நோட்டு வைத்துச் சொற்களை எழுதிக்கொண்டேன். வீட்டில் உப்புப் பொட்டலம், மருந்துச் சீட்டு, தண்ணீர் வாரியத்திலிருந்து வந்த தாள் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். தர்ஷினி ஹாலிலிருந்தே உச்சரிப்பைத் திருத்துவாள். "மா, ப்ளீஸ் லா, வெளிய கேக்குது" என்பாள். பரவாயில்லை என்று படித்தேன்.

5

பாஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது, பழைய நகல்களைத் தேடிக் கோப்பைத் திறந்தேன். என் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, தர்ஷினி பிறந்த தாள் எல்லாம் இருக்கும் நீலக் கோப்பு. அதன் நடுவில் அந்தக் கடிதம் இருந்தது.

அது எனக்குப் புதிதான காகிதம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு தபாலில் வந்தபோது நான்தான் பிரித்தேன். என் பெயர் போட்டிருந்தது. சரவணனிடம் காட்டி என்னவென்று கேட்டேன். பார்த்துவிட்டு, "அப்ளிகேஷன் ப்ரோசஸ்ல இருக்காம். பத்திரமா வையி" என்றார். நானே துளை போட்டுக் கோப்பில் கோத்து வைத்தேன்.

இப்போது சும்மா பழக்கத்தில் வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பத்தியில் 'தீடாக் ஹாடிர்' என்று வந்தது. வாய் நின்றது. யார் வரவில்லை? அடுத்த வரிக்குப் போனேன். கடைசியில் 'டிதூத்துப்' இருந்தது. கழிப்பறைக் கதவில் பார்த்த அதே சொல்.

அட்டை ஒன்றை எடுத்து வரியை மறைத்தேன். ஒவ்வொரு சொல்லாகத் திறந்தேன். நோட்டைப் பார்த்தேன். நேர்காணல் என்பது கிடைத்தது. இரண்டு முறை என்பது கிடைத்தது. ஒரு சொல் மட்டும் நோட்டில் இல்லை. தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"பெனாஜான்னா என்னடி?"

"ஸ்பான்சர் லா மா. ஒங்களுக்கு அப்பாதான் பெனாஜா." தாளை என் கையிலிருந்து வாங்கினாள். நான் அரை மணி நேரம் போராடியதை அரை நிமிடத்தில் படித்து முடித்தாள். அவள் முகம் மாறியது.

"அப்பா இன்டர்வியூக்குப் போகலயா மா? ரெண்டு தடவ கூப்ட்டிருக்காங்க. அதனால க்ளோஸ் பண்ணிட்டாங்கன்னு போட்ருக்கு." தாளை இறக்கிவிட்டு, "ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு போனை எடுக்காமல் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

6

சரவணன் மறுநாள் காலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வரை பொறுத்திருந்தேன். கடிதத்தை மேஜையில் வைத்தேன்.

"இது ஏற்கனவே பாத்ததுதானே" என்றார்.

"நா இப்பத்தான் பாக்கேன். நீங்க வரலன்னு போட்டிருக்கு. மூடிட்டோம்னு போட்டிருக்கு."

இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. யார் படித்துச் சொன்னது என்று கேட்டார். நானே படித்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. நான் வாசித்துக் காட்டினேன், சொல்லுக்குச் சொல் தமிழும் சொன்னேன். முடிக்கும் வரை அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத தடவ ஷிப்ட்டு மாத்தவே முடியல செல்வி. சத்தியமா. லைன்ல ஆள் இல்ல."

"ரெண்டாவது தடவ?"

மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். அதையும் தாண்டி எண்ணினேன்.

"ரெண்டாவது நா போகல" என்றார். "அதுக்குக் கூப்ட்டு வந்த லெட்டர ஒங்கிட்ட காட்டவும் இல்ல. ஒனக்கு செவப்பு ஐசி வந்துட்டா வேலைக்குப் போவ. ஒன் படிப்புக்கு நல்ல வேலயே கெடைக்கும். நா அப்ப ஓவர்டைம் பாத்துதான் வீட்ட ஓட்டிக்கிட்டிருந்தேன். நீ சண்ட போட்டா ஊருக்குப் போறேன்னு சொல்லுவ. கையில எல்லாம் வந்துட்டா நெஜமாவே போயிருவியோன்னு நெனச்சேன்."

"செவப்பு ஐசி இங்க தங்குறதுக்குங்க. ஊருக்குப் போறதுக்கு அது எதுக்கு எனக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த எளிய விஷயம் அவருக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடிக்காதவர், கை ஓங்காதவர். என் அம்மா இறந்தபோது கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்து என்னை ஏற்றிவிட்டு, ஒரு மாதம் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர். அதே மனிதர்தான் ஒரு தாளை மடித்து எங்கோ வைத்துவிட்டு என் ஐந்து ஆண்டுகளுக்குக் கதவடைத்தார்.

"நீ கேட்ருந்தா சொல்லிருப்பேன்" என்றார் மெல்ல.

"கேட்டேன். ப்ரோசஸ்ல இருக்குன்னீங்க."

அவர் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் இட்லி அப்படியே இருந்தது. எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது? ஊரில் அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் தங்குவது? தர்ஷினி இந்த நாட்டுப் பிரஜை, இந்த மண்ணின் பேச்சு அவள் பேச்சு. நான் போனால் அவளை விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்தால் அவருடைய கையெழுத்தில் இருக்க வேண்டும். மறுபடி விண்ணப்பம் போடுவதென்றாலும் அதற்கும் அவர்தான் பெனாஜா.

7

அந்த வாரம் பள்ளிக்குப் போனபோது நூலக மூலையில் நான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். லோகேஷினியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகத் தலைமையாசிரியர் சொன்னார். வகுப்பில் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்களாம். தடுமாறினாள், இரண்டு இடத்தில் பின்னால் போய்த் திருத்திக்கொண்டாள், யாரையும் பார்க்காமல் கடைசி வரை படித்து முடித்தாள் என்றார். நான் அதற்காகத்தான் வந்தேன். ஆனாலும் அவள் உட்காரும் நாற்காலியை மட்டும் ஓரமாக எடுத்து வைக்கவில்லை.

இடைவேளையில் அவள் ஓடி வந்தாள்.

"டீச்சர், அம்மா சீட்டுல ஒரு தப்பு எழுதிருந்தாங்க. 'பள்ளி'க்கு பதிலா 'பல்லி'ன்னு. நா திருத்தி ஒட்டி வச்சுட்டேன். அம்மா சிரிச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. தோழிகள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

8

சரவணன் தானாகவே விடுப்பு எடுத்தார். பாஸ் புதுப்பிக்கும் அன்றே புது விண்ணப்பமும் போடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்பதுகூடச் சரியில்லை. நான் சொன்னேன், அவர் தலையசைத்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அலோர் ஸ்டார் குடிநுழைவு அலுவலகத்தில் எங்கள் எண் வந்ததும் கவுன்டருக்குப் போனோம். விண்ணப்பத்தை முதல் நாளே அவர் பூர்த்தி செய்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்திருந்தார்.

"சைன் பண்ணு. எல்லாம் பழைய மாதிரிதான்."

"இருங்க."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். உதடு அசையத்தான் வாசித்தேன். பின்னால் காத்திருந்தவர்கள் முனகினார்கள். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேறு தாள்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். புரியாத சொற்களை அவரிடமே கேட்டேன். விரல் வைத்துக் காட்டி, எளிய மலாயில் சொன்னார். சரவணன் என் காதருகே குனிந்து, "நா சொல்றேனே" என்றார். வேண்டாம் என்றேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. கடிதமும் அழைப்பும் யாருக்கு வர வேண்டும் என்று கேட்கும் கட்டம். சரவணன் தன் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தார். வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். பதின்மூன்று வருடமாக எழுதிய கை அது. நான் பேனாவை எடுத்து அதை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் என் எண்ணை எழுதினேன். திருத்தத்துக்கு அருகில் சின்னதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் அந்தப் பெண். போட்டேன். சரவணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் நானே கேட்டேன். பழைய விண்ணப்பம் கணக்கில் வராது, இது புது விண்ணப்பம், முதலிலிருந்து தொடங்கும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு தாள்களை ஒன்று சேர்த்து கிளிப் போட்டு, பக்கத்திலிருந்த பெட்டியில் வைத்தபடி, "துங்கு சூராட், புவான்" என்றார்.

கடிதத்துக்குக் காத்திருங்கள், அம்மா.

சரவணன் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.